அட்டிலாவை ஏன் தப்பவிட்டார் ஏட்டியஸ்?

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீ ஒன்னு போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன வாரம் கேஷுவாலிட்டி நைட் டியூட்டி. ராத்திரி 2 மணி இருக்கும். அறுபது வயசு மதிக்கத்தக்க ஐயா ஒருத்தரை மூக்கில் ரத்தம் நிக்கலைன்னு கூட்டிட்டு வந்தாங்க. பிபி 200/110. மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் ஆச்சாம். வீட்டில் அவரை மல்லாக்கப் படுக்க வெச்சு, உச்சந்தலையில் ரெண்டு சொம்பு தண்ணியும் ஊத்தியிருக்காங்க. பாதி ரத்தம் தொண்டை வழியா உள்ளே போய் வாந்தியா வருது. உட்கார வெச்சு, முன்னால குனிய வெச்சு, மூக்கை பேக் பண்ணி, பிபியைக் குறைச்சு அனுப்பினோம். ஐயா இப்போ நல்லா இருக்கார்.

கூட இருந்த ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்டான். "சார், மூக்குல ரத்தம் வந்து யாராச்சும் செத்திருக்காங்களா?"

"செத்திருக்கார்டா. அட்டிலா."

"அவர் யாரு சார்?"

அவனுக்கு விடியற வரைக்கும் சொன்ன கதையைத்தான் இங்க எழுதுறேன். மூக்கு கடைசியில் வரும். அதுக்கு முன்னாடி ஒரு யுத்தம் இருக்கு.

கி.பி. 451, ஜூன் மாதம். இன்றைய பிரான்ஸில், பாரிஸுக்குக் கிழக்கே, ஷாம்பேன் பகுதியில் விரிந்து கிடக்கும் சமவெளி. கட்டலானியன் சமவெளி என்று பெயர். ஒரு பக்கம் ஹூணர்களின் அரசன் அட்டிலா. எதிர்ப்பக்கம் மேற்கு ரோமப் பேரரசின் தளபதி ஃபிளேவியஸ் ஏட்டியஸ்.

இதை நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் நடந்த சண்டை என்று எழுதி வைத்திருப்பார்கள். எட்வர்ட் கிரீஸி என்ற ஆங்கிலேயர் 1851-ல் உலகைத் தீர்மானித்த 15 போர்கள் என்று ஒரு புத்தகம் போட்டார். அந்தப் பதினைந்தில் இதுவும் ஒன்று. படிக்க நல்லா இருக்கும். ஆனா களத்தில் யார் யார் நின்றார்கள் என்று பார்த்தால் இந்தக் கோடு அழிஞ்சு போயிடும்.

முதலில் ஏட்டியஸ். கி.பி. 391 வாக்கில், இன்றைய பல்கேரியாவில் டான்யூப் நதிக்கரையில் இருக்கும் சிலிஸ்த்ரா என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பிணைக்கைதியாக அனுப்பப்பட்டார். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் போட்டால் பெரிய வீட்டுப் பிள்ளையை எதிராளியிடம் கொடுத்து வைப்பார்கள். முதலில் கோத் அரசன் அலாரிக்கிடம் இருந்தார். அப்புறம் ஹூணர்களிடம்.

அந்த அலாரிக் யாருன்னு தெரியணும்னா ஒரு சின்ன தகவல். 408-ல் அவர் ரோம் நகரத்தை முற்றுகையிட்டு, விட்டுவிட்டுப் போக விலை கேட்டார். 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, பட்டுச் சட்டைகள், சிவப்புத் தோல்கள், கூடவே 3,000 பவுண்டு மிளகு. ஆமாங்க, மிளகு. நம்ம பழைய சேரக் கரையோரம் விளைஞ்ச சரக்கு.

ஏட்டியஸ் வளர்ந்தது இவர்கள் மத்தியில். குதிரையேற்றமும் வில்லும் அவர்களோடு இருந்து பழகினது. பெரியவரானதும் ரோம அரசியலில் அவருக்கு இருந்த ஒரே பெரிய பலம் ஹூணர்கள்தான். யாராவது முறைத்தால் ஹூணர் குதிரைப்படையை வரவழைப்பார். 425-ல் அப்படி ஒரு பெரும் படையைக் கூட்டிக்கொண்டு இத்தாலிக்குள் வந்தார். அவர் ஆதரிக்க வந்த ஆளுக்கு மூன்று நாளைக்கு முன்னாடியே தலையை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் பின்னால் நிற்கும் படையைக் காட்டியே மன்னிப்பும் பதவியும் வாங்கிவிட்டார். 430-களில் பர்கண்டியர் என்ற ஜெர்மானிய இனம் வாலாட்டியபோது அவர்களை ஹூணர்கள் கொன்று குவித்தார்கள். 439-ல் ஏட்டியஸின் துணைத் தளபதி லிட்டோரியஸ் அதே ஹூணர் படையோடு விசிகோத்துகளின் தலைநகர் துலூஸ் வரை போனார். அங்கே தோற்று, பிடிபட்டு, கொல்லப்பட்டார்.

அந்த விசிகோத்துகளின் அரசன் பெயர் தியோடோரிக். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ அட்டிலா. அண்ணன் பிளேடாவோடு சேர்ந்து 430-களின் நடுவில் ஆட்சிக்கு வந்தார். 445 வாக்கில் அண்ணனைத் தீர்த்துக்கட்டிவிட்டுத் தனி ராஜா ஆனார். இன்றைய ஹங்கேரி சமவெளிதான் தலைமையிடம். கிழக்கு ரோமப் பேரரசு, அதாவது கான்ஸ்டான்டிநோபிள், இவருக்குக் கப்பம் கட்டியது. முதலில் வருஷத்துக்கு 350 பவுண்டு தங்கம், அப்புறம் 700. 447-ல் மறுபடி அடி வாங்கியதும் 2,100. இன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 690 கிலோ தங்கம், ஒவ்வொரு வருஷமும்.

449-ல் கிழக்கு ரோமத் தூதுக்குழு ஒன்று அட்டிலாவைப் பார்க்கப் போனது. அதில் போன பிரிஸ்கஸ் என்பவர் பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தார். முழுப் புத்தகம் இப்போது இல்லை, துண்டுகள்தான் மிச்சம். ஆனா துண்டுகளே தங்கம். விருந்தில் எல்லாருக்கும் வெள்ளித் தட்டு, அட்டிலாவுக்கு மட்டும் மரத்தட்டு, மரக்குவளை. உடையில் ஆடம்பரம் கிடையாது, சுத்தம் மட்டும் உண்டு. போகிற வழியில் மழையில் மாட்டிக்கொண்ட தூதர்களுக்கு, பிளேடாவின் மனைவிகளில் ஒருவர் தன் கிராமத்தில் இடமும் சாப்பாடும் கொடுத்தார். பதிலுக்கு இவர்கள் கொடுத்த பரிசுகளில் இந்திய மிளகும் இருக்கு. ஹூணர் கிராமம் வரைக்கும் நம்ம மிளகு போயிருக்கு பாருங்க.

இன்னொரு விஷயமும் பிரிஸ்கஸ் எழுதுகிறார். அங்கே ஹூணர் உடையில் ஒருவர் வந்து நல்ல கிரேக்க மொழியில் வணக்கம் சொன்னார். ரோமப் பேரரசில் வியாபாரியாக இருந்து, போரில் பிடிபட்டு, சண்டையில் தைரியம் காட்டி விடுதலை வாங்கி, அங்கேயே குடும்பம் நடத்துகிறவர். திரும்பிப் போக அவருக்கு விருப்பம் இல்லை. ரோமில் வரி தாங்க முடியாது, கோர்ட்டுக்குப் போனால் காசில்லாதவனுக்கு நியாயம் கிடையாது, இங்கே நிம்மதி என்கிறார். பிரிஸ்கஸ் அவரோடு வாதாடினதையும் எழுதியிருக்கிறார். இந்த ஒரு பக்கத்துக்காகவே எனக்குப் பிரிஸ்கஸைப் பிடிக்கும்.

சரி, அட்டிலா ஏன் மேற்கே திரும்பினார்?

450-ல் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்தன. கிழக்கில் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்து வந்த மார்சியன் "கப்பம் எல்லாம் கிடையாது" என்று கையை விரித்துவிட்டார். மேற்கில் பேரரசர் மூன்றாம் வாலண்டினியனின் அக்கா ஹொனோரியாவை, பிடிக்காத ஒருவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். காரணம், அவருக்கு ஏற்கெனவே ஒரு காதல் இருந்தது. அந்தக் காதலனைக் கொன்றாயிற்று. ஹொனோரியா என்ன செய்தார்? ஒரு ஆள் மூலம் மோதிரத்தை அட்டிலாவுக்கு அனுப்பி உதவி கேட்டார். அட்டிலா அதைக் கல்யாண சம்மதமாக எடுத்துக்கொண்டு, சீர்வரிசையாகப் பாதி மேற்குப் பேரரசைக் கேட்டார்!

மூன்றாவது காரணம், வட ஆப்பிரிக்காவைப் பிடித்து உட்கார்ந்திருந்த வாண்டல் அரசன் கெய்செரிக். அவர் மகனுக்குத் தியோடோரிக்கின் மகளைத்தான் கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் விஷம் வைக்கப் பார்த்தாள் என்று சந்தேகப்பட்டு, மூக்கையும் காதுகளையும் அறுத்து அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். தியோடோரிக் பழிவாங்க வருவார் என்ற பயத்தில், கெய்செரிக் அட்டிலாவுக்குப் பரிசுகள் அனுப்பி விசிகோத்துகள் மேல் ஏவிவிட்டார். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட எந்தப் பழைய ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை.

451 வசந்தத்தில் அட்டிலா ரைன் நதியைத் தாண்டினார். ஏப்ரல் 7, ஈஸ்டருக்கு முந்தைய நாள், மெட்ஸ் நகரம் எரிந்தது.

ஏட்டியஸ் நிலைமை பரிதாபம். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வரும்போது கையில் சொல்லிக்கொள்ளும்படி படையே இல்லை. இத்தாலியில் அப்போது கடும் பஞ்சம். எவ்வளவு கடுமை என்றால், பசியால் பெற்றோர் விற்ற பிள்ளைகளை விலையைத் திருப்பிக் கொடுத்து மீட்கலாம் என்று அந்த வருஷம் ஜனவரியில் பேரரசர் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கா போனதோடு தானியமும் வரியும் போச்சு. இதுநாள் வரை நம்பியிருந்த ஹூணர் குதிரைப்படையோ இப்போ எதிரில் வருது.

ஆக, மிச்சம் இருந்த ஒரே பெரிய படை, 12 வருஷம் முன்னாடி ஏட்டியஸ் ஹூணர்களை ஏவிவிட்டு அடிக்கப் பார்த்த அதே தியோடோரிக்கின் படை. அவர் முதலில் வரமாட்டேன் என்றுதான் இருந்தார். துலூஸ் அரண்மனையில் மதிப்புள்ள அவிட்டஸ் என்ற ரோமப் பிரபு போய்ப் பேசினார். கிழவர் தன் இரண்டு மகன்களோடு கிளம்பி வந்தார்.

ஓர்லேயான் நகரம் முற்றுகையில் இருந்தது. ஜூன் நடுவில் இந்தக் கூட்டுப்படை அங்கே வந்து சேர, அட்டிலா முற்றுகையை விட்டுக் கிழக்கே பின்வாங்கினார். திறந்தவெளியில் சண்டை போட்டால்தான் குதிரைக்கு வசதி. அப்படித்தான் எல்லாரும் அந்தச் சமவெளிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இப்போ களத்தைப் பாருங்க. ஏட்டியஸ் பக்கம் ரோமர்கள், விசிகோத்துகள், ஆலன்கள், பிராங்குகளில் ஒரு பிரிவு, சாக்சன்கள், போன தலைமுறையில் ஹூணர்களால் செத்தவர்கள் போக மிச்சமிருந்த பர்கண்டியர்கள். அட்டிலா பக்கம் ஹூணர்கள், கெபிட்கள், ஆஸ்ட்ரோகோத்துகள், பிராங்குகளில் இன்னொரு பிரிவு. கோத்தும் கோத்தும் மோதல். பிராங்கும் பிராங்கும் மோதல். இதில் யார் நாகரிகம், யார் காட்டுமிராண்டி?

ஆலன்களின் அரசன் சங்கிபன் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஓர்லேயானை அட்டிலாவுக்குத் திறந்துவிடப் பார்த்தார் என்று சந்தேகம். அதனால் அவரை நடுவில் நிறுத்தி, இடதுபக்கம் ரோமர்கள், வலதுபக்கம் விசிகோத்துகள். ஓட நினைத்தாலும் ஓட வழி கிடையாது.

அட்டிலா அன்றைக்குக் குறி கேட்டார். ஆட்டு எலும்பைச் சுரண்டிப் பார்த்த குறிகாரர்கள் ஹூணர்களுக்குக் கேடு என்றார்கள், ஆனால் எதிரிப் படையின் தலைவன் சாவான் என்றார்கள். ஏட்டியஸ்தான் சாவார் என்று நினைத்து அட்டிலா துணிந்தார். மதியம் 3 மணி வரை சண்டையைத் தொடங்கவே இல்லை. தோற்றாலும் இருட்டு காப்பாற்றும் என்ற கணக்கு.

களத்தில் ஒரு மேடு. அதைப் பிடிக்க இரண்டு பக்கமும் ஓடியது. தியோடோரிக்கின் மூத்த மகன் தோரிஸ்மண்டும் ஏட்டியஸும் முதலில் ஏறிவிட்டார்கள். மேலே நிற்பவனுக்குத்தான் வசதி. அப்புறம் நடந்தது கைகலப்பு. குதிரையில் தன் ஆட்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே போன கிழவர் தியோடோரிக் கீழே விழுந்தார். சொந்தப் படையின் குதிரைகளே மிதித்துவிட்டன என்று ஒரு கதை. ஆண்டாக் என்ற ஆஸ்ட்ரோகோத் எறிந்த ஈட்டி என்று இன்னொரு கதை. இதையெல்லாம் நமக்குச் சொல்வது யோர்தானிஸ். கோத் வம்சத்தவர், கிட்டத்தட்ட 100 வருஷம் கழித்து எழுதியவர். அவர் குமாஸ்தாவாக வேலை பார்த்ததே அந்த ஆண்டாக்கின் மகனிடம்தான். அதனால் கொஞ்சம் உப்பு போட்டுக்கொண்டுதான் படிக்கணும்.

அவர் எழுதியதில் ஒரு இடம் மட்டும் என்னை நிறுத்தி வைத்தது. களத்தில் ஓடிய சின்ன ஓடை ரத்தத்தால் பெருகி ஓடியதாம். அது கவிஞர்கள் வழக்கமாகச் சொல்வது, விடுங்க. அடுத்த வரியில், காயம்பட்டவர்கள் தாகம் தாங்காமல் அந்த ரத்தம் கலந்த தண்ணியையே குடித்தார்கள் என்கிறார். கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவங்களுக்கு இது தெரியும். ரத்தம் நிறைய போனவங்க முதலில் கேட்பது தண்ணிதான். விபத்தில் அடிபட்டு வருகிறவர் வலியைச் சொல்றதுக்கு முன்னாடி "தண்ணி குடுங்க சார்" என்பார். உடம்பில் ரத்தத்தின் அளவு குறைந்தால் மூளை தாகத்தைத் தூண்டும். பார்த்த யாரோ சொல்லித்தான் இந்த வரி யோர்தானிஸ் வரைக்கும் வந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

இருட்டியது. யாருக்கும் யார் எங்கே என்று தெரியவில்லை. தோரிஸ்மண்ட் தன் ஆட்கள் என்று நினைத்து எதிரியின் வண்டிகளுக்கு நடுவில் போய் மாட்டி, தலையில் காயம் பட்டு, குதிரையிலிருந்து விழுந்து, கூட இருந்தவர்கள் இழுத்து வந்ததால் பிழைத்தார். ஏட்டியஸும் வழி தவறி எதிரிகள் நடுவே சுற்றி, கடைசியில் கோத் கூடாரத்தைக் கண்டுபிடித்து, கேடயங்களுக்குப் பின்னால் ராத்திரியைக் கழித்தார். ஜெயித்ததா தோற்றதா என்று தளபதிக்கே தெரியாத ராத்திரி.

விடிந்தது. அட்டிலா தன் வண்டி வளையத்துக்குள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை. குதிரைச் சேணங்களை எல்லாம் குவித்துச் சிதை அடுக்கச் சொன்னார். உயிரோடு பிடிபட மாட்டேன், உள்ளே வந்தால் தீயில் குதிப்பேன் என்று. அவரைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டாலே போதும் என்ற நிலை.

விசிகோத்துகள் தங்கள் அரசனைத் தேடினார்கள். பிணக்குவியலின் அடர்த்தியான இடத்தில் கிடைத்தார். எதிரி பார்த்துக்கொண்டிருக்க, பாட்டுப் பாடி அழுது, தூக்கிப் போனார்கள். தோரிஸ்மண்டை அங்கேயே அரசன் ஆக்கினார்கள். அப்பாவுக்குப் பழிவாங்க, வண்டி வளையத்தை உடைக்க அவர் துடித்தார். ஏட்டியஸிடம் யோசனை கேட்டார்.

ஏட்டியஸ் சொன்னது: "நீ ஊருக்குக் கிளம்பு. இல்லேன்னா உன் தம்பிகள் கஜானாவையும் சிம்மாசனத்தையும் பிடிச்சுக்குவாங்க."

தோரிஸ்மண்ட் கிளம்பிப் போனார். பிராங்கு இளவரசன் ஒருவரையும் இதே மாதிரி பேசி அனுப்பினதாக இன்னொரு பழைய நூல் சொல்கிறது. எதிர்முகாம் திடீரென்று அமைதியானதைப் பார்த்த அட்டிலா முதலில் ஏதோ தந்திரம் என்று பயந்தார். அப்புறம் மெதுவாக வண்டிகளைக் கட்டிக்கொண்டு ரைனைத் தாண்டினார்.

ஏன் விட்டார்? ஹூணர்கள் முழுசா அழிந்தால் விசிகோத்துகளை அடக்க ஆள் இருக்காது என்று ஏட்டியஸ் கணக்குப் போட்டார் என்கிறார் யோர்தானிஸ். வாழ்க்கை முழுக்க ஒருத்தரை வைத்து இன்னொருத்தரை அடித்தவர், அன்றைக்கும் அதையேதான் செய்தார் என்பது நம்பும்படிதான் இருக்கு. எனக்கு இன்னொன்றும் தோணுது. ராஜாவை இழந்த படையை, விருப்பம் இல்லாமல் வந்த படையை, சோறு போட வழியில்லாத தளபதி எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும்? போகிறவனைத் தடுக்க முடியாதபோது, நான்தான் போகச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்வது கௌரவம். தோரிஸ்மண்டின் தம்பிகள் விஷயத்தில் அவர் சொன்னது பொய்யும் இல்லை. அதைக் கீழே சொல்றேன்.

எத்தனை பேர் செத்தார்கள்? யோர்தானிஸ் 1,65,000 என்கிறார், முந்தின ராத்திரி மோதலில் தனியாக 15,000. ஹைடேஷியஸ் என்ற இன்னொரு ஆசிரியர் 3,00,000 என்கிறார். ஒரே மதியத்தில், கத்தியாலும் ஈட்டியாலும்! அத்தனை பேருக்குத் தண்ணியும் குதிரைக்குப் புல்லும் அந்தச் சமவெளியால் கொடுத்திருக்கவே முடியாது. இன்றைய ஆய்வாளர்கள் யாரும் இந்த எண்களை ஏற்பதில்லை. சரியான இடம் எது என்பதிலேயே இன்னும் தகராறு.

தப்பவிட்டதற்கான விலையை அடுத்த வருஷம் வேற யாரோ கொடுத்தார்கள். 452-ல் அட்டிலா இத்தாலிக்குள் இறங்கினார். ஆல்ப்ஸ் கணவாய்களில் தடுப்பு ஏதும் போடாமல் விட்டார் ஏட்டியஸ் என்று அந்தக் காலத்து பிராஸ்பர் என்பவரே குறை எழுதியிருக்கிறார். இந்த முறை விசிகோத்துகளும் வரவில்லை. அக்குலேயா என்ற பெரிய நகரம் தரைமட்டம். மிலான், பாவியா எல்லாம் விழுந்தன. போர் பற்றிய புத்தகங்களில் ஏட்டியஸின் ராஜதந்திரத்துக்கு ஒரு அத்தியாயம் இருக்கும், அக்குலேயா ஜனங்களுக்கு ஒரு பாரா இருக்கும்.

அப்புறம் மிஞ்சியோ நதிக்கரையில் போப் முதலாம் லியோ அட்டிலாவைச் சந்தித்தார், அவர் திரும்பிப் போனார். லியோ போனது உண்மை, கூட இரண்டு ரோம அதிகாரிகளும் போனார்கள். ஆனால் ஹைடேஷியஸ் வேறு காரணமும் தருகிறார்: ஹூணர் படையில் பஞ்சமும் நோயும். கூடவே மார்சியன் அனுப்பிய படை அவர்கள் சொந்த ஊரையே அடித்தது. என்ன நோய் என்று அவர் எழுதவில்லை. கோடைக்காலம், போ நதிச் சதுப்பு, ஆயிரக்கணக்கான ஆட்கள், குதிரைகள், குடிப்பதும் கழுவுவதும் ஒரே தண்ணி. இதில் நோய் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

453. அட்டிலா இல்டிகோ என்ற பெண்ணை மணந்தார். கல்யாண ராத்திரி நன்றாகக் குடித்துவிட்டு மல்லாக்கப் படுத்தார். காலையில் கதவு திறக்கவில்லை. உடைத்துப் பார்த்தால், காயம் எதுவும் இல்லாமல் ரத்தத்தில் கிடக்கிறார். பக்கத்தில் முகத்தை மூடி அழுதுகொண்டிருக்கிறாள் புதுப்பெண். மூக்கு வழியாக வெளியே வந்திருக்க வேண்டிய ரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சை அடைத்தது என்பது பிரிஸ்கஸ் வழி வந்த செய்தி. அந்தப் பெண் குத்திக் கொன்றாள் என்று பின்னால் வேறொருவர் எழுதினார். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம் என்று இன்று சில மருத்துவர்கள் சொல்வதுண்டு. குடிகாரர்களுக்கு ஈரல் கெட்டுப்போய் வருவது அது. வார்டில் வாராவாரம் பார்க்கிறோம். எனக்கும் அதுதான் சந்தேகம். கல்லறை கிடைக்கும் வரை கேஸ் ஷீட்டில் கேள்விக்குறிதான்.

அவர் பிள்ளைகள் ராஜ்யத்துக்கு அடித்துக்கொண்டார்கள். 454-ல் நெடாவோ என்ற நதிக்கரையில், கட்டலானியன் களத்தில் அட்டிலாவுக்காக நின்ற அதே கெபிட் அரசன் அர்தாரிக், அந்தப் பிள்ளைகளைத் தோற்கடித்தார். ஹூணர் பேரரசு அங்கேதான் முடிந்தது. உண்மையில் தீர்மானித்த போர் இதுதான் என்று சொன்ன வரலாற்றாசிரியர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

தோரிஸ்மண்ட்? 453-லேயே தம்பிகள் கொன்றுவிட்டார்கள். உடம்பு சரியில்லாமல், கையில் நரம்பைக் கீறி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது. அன்றைய வைத்தியம் அப்படி. ஆயுதம் பக்கத்தில் இல்லாததைத் துப்புக் கொடுத்து உள்ளே வந்தார்கள். காலியாக இருந்த ஒரு கையால் முக்காலியைத் தூக்கிச் சில பேரை அடித்துக் கொன்றுவிட்டுத்தான் செத்தார்.

ஏட்டியஸ்? 454 செப்டம்பர் 21. அரண்மனையில் வரவு செலவுக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தபோது, பேரரசர் வாலண்டினியன் எழுந்து தன் கையாலேயே வெட்டினார். ஹூணர்கள் பயம் போனதும் தளபதி தேவைப்படவில்லை. ஆறு மாதம் கழித்து, 455 மார்ச்சில், ஏட்டியஸின் பழைய மெய்க்காவலர்கள் இரண்டு பேர் வாலண்டினியனை வெட்டினார்கள். அதே வருஷம் கெய்செரிக் ரோம் நகரத்தைச் சூறையாடினார்.

அட்டிலாவின் செயலாளர்களில் ஓரெஸ்டஸ் என்று ஒரு ரோமர் இருந்தார். அவருடைய மகன்தான் 476-ல் பதவி இழந்த கடைசி மேற்கு ரோமப் பேரரசர், ரோமுலஸ் அகஸ்டுலஸ்.

தம்பி இவ்வளவும் கேட்டுட்டு, "சார், அப்போ அட்டிலாவை முன்னால குனிய வெச்சிருந்தா பிழைச்சிருப்பாரா?"ன்னு கேட்டான். மூக்குதான் காரணம்னா ஒருவேளை பிழைச்சிருப்பார்டான்னேன். உங்க வீட்டில் யாருக்காவது மூக்கில் ரத்தம் வந்தா: உட்கார வையுங்க, முன்னால குனியச் சொல்லுங்க, மூக்கின் மெதுவான பகுதியைப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிங்க, வாயால மூச்சு விடச் சொல்லுங்க. நிக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரி. பிபி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

சந்தேகம் இருந்தா கமெண்ட்டில் கேளுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.